விழுந்த விமானம்

அம்மம்மாவின் தகரப்பெட்டிக்குள் காணி உறுதியோடும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடும் ஒரு புகைப்படமும் இருந்தது. 1990ஆம் ஆண்டு திருகோணமலையை விட்டு இடம்பெயர்ந்து, கடல் கடந்து மண்டபம் முகாமில் வாழ்ந்து, மீண்டும் ஊர் திரும்பிய காலமெல்லாம் அப்பெட்டி அவரைப் பிரிந்ததில்லை. உள்ளங்கையளவான அப்படத்தில் மனிதர் எவருமிலர். நொறுங்கிய விமானமொன்றின் விமானி அறை மட்டுமே காணப்பட்டது. துறைமுகத்திற் கூலி வேலை செய்த அவருடைய தகப்பனார் அதன் பின்புறத்தில், 'விழுந்த யப்பான் பிளேன்' என்று எழுதி வைத்திருந்தார்.

படத்தோடு ஒரு கதையும் எங்கள் வீட்டில் வழங்கி வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கடற்படை, 9ஆம் திகதி காலை திருகோணமலை மீது பாய்ந்தது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் குண்டு வீசித் தாக்கின. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்னும் கப்பல் தீப்பற்றியது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. கொழும்புச் செய்தி கேட்டுத் தம்பலகாமத்து உறவினர் வீட்டிற்கு அனுப்பப்பட்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமியான அம்மம்மா, புகை கக்கியபடி ஒரு விமானம் காட்டுக்குள் விழுவதை வயல் வரம்பில் நின்று கண்டார். "யப்பான்காரன் விழுந்தான் எண்டு நாங்கள் எல்லாரும் கைதட்டினம்" என்பார். சில மாதங்களின் பின் தகப்பனார் கொண்டுவந்த படம், அவர் கண்ட விமானத்தின் படமாகவே அவர் மனத்திற் பதிந்துவிட்டது.

2014ஆம் ஆண்டு விடுமுறையில், பொறியியற்பீட நண்பரொருவருடன் அப்படத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் ஆராய்ந்தேன். விமானி அறை என்பது ஒரு நாட்டின் கையெழுத்தைப் போன்றது. எமது கண்ணில் முதலிற் பட்டது மேலும் கீழுமாக மும்மூன்றாய் அமைந்த ஆறு வட்டங்கள். மேல்வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்ற இறக்க வேகங்காட்டி. கீழ்வரிசையில் உயரமானி, திசைகாட்டி, திரும்பல் காட்டி. முகிலுக்குள்ளும் விமானி தடுமாறாதிருக்கப் பிரித்தானிய விமானப்படை வகுத்துக்கொண்ட ஒழுங்கு இது. அடுத்து, இயக்குகோலின் உச்சியில் ஒரு வளையம். யப்பானியரின் 'சீரோ' விமானத்தில் அது நேர்க்கோலாகவே இருந்தது.

ஆயின் எவ்வகை விமானம்? அன்று சீனக்குடாவிலிருந்து எதிர்த்தெழுந்தவை 261ஆம் அணியின் 'ஹரிக்கேன்'களும் 273ஆம் அணியின் 'புல்மார்'களுமாகும். புல்மாரின் உடல் முழுவதும் உலோகத் தகட்டால் ஆனது. எங்கள் படத்திலோ இருக்கையின் இருமருங்கும் உருக்குக் குழாய்கள் வெளித் தெரிந்தன. வலப்புறத்தில், சில்லுகளையும் இறக்கைத் தட்டுகளையும் இயக்கும் ஒரே நெம்புகோல், ஏணிப்படி போன்ற பள்ளத்தினுள் நின்றது. போர்க்கால விமானிகளுக்கென அச்சிடப்பட்ட கையேட்டின் படத்தோடு அதனை ஒப்பிட்டபோது ஐயம் நீங்கியது. அது ஹரிக்கேன். எங்கள் ஊரைக் காக்கப் பறந்த வகை விமானம்.

அன்று மாலை, கண்டுபிடித்துவிட்ட களிப்பில் அம்மம்மாவிடம் யாவற்றையும் கூறினேன். அவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்கள் கைதட்டினது ஆருக்கு?" என்றார்.

இக்கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தில் உள்ளதும் அவர் கண்டதும் ஒரே விமானம் என்பதற்குச் சான்றில்லை என்றேன். 1942க்குப் பின்னரும் ஹரிக்கேன்கள் இலங்கையிற் பறந்தன. பயிற்சியின்போது விழுந்ததாகவும் இருக்கலாம் என்றேன். சொன்னவை அனைத்தும் உண்மையே. எனினும் அவற்றை ஆய்வாளனாகச் சொன்னேனா, பேரனாகச் சொன்னேனா என்பதை இன்றும் என்னால் நிச்சயிக்க முடியவில்லை. படம் விமானத்தின் இனத்தைச் சொல்லும். விழுந்த நாளைச் சொல்லாது. வால் பகுதியின் தொடரிலக்கம் கிடைத்திருந்தால் ஓட்டியவன் பெயரையும் தேடியிருக்கலாம். நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவ்வழியே பலமுறை பேருந்திற் சென்றவர் அம்மம்மா.

மறுநாட் காலை, பின்புற எழுத்தை அழித்துத் திருத்திவிடவா என்று கேட்டேன்.

"ஐயாவின்ர எழுத்தை அழிக்காத. அவர் நம்பினதை அவர் எழுதினார். நீ கண்டதைக் கீழ எழுது."

அவ்வாறே பென்சிலால் எழுதினேன்: 'ஹரிக்கேன். விழுந்த நாள் தெரியாது. ஓட்டியவர் பெயர் தெரியாது.' அம்மம்மா அதை ஒருமுறை வாசித்துவிட்டு, காணி உறுதிக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்திற்கும் இடையில் வைத்துப் பெட்டியை மூடினார்.