எட்டாம் தெருவில் ஓர் எளிய விருந்து

சென்ற கோடையில் நானும் என் துணைவியும் குமரி மாவட்டத்திலிருந்து அமெரிக்காவிலுள்ள மகனைக் காணச் சென்றிருந்தோம். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கியதும், மகன் எங்களை அந்நாட்டின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்திற்குக் காரில் அழைத்துச் சென்றான். மயாமி நகரை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. பிள்ளைகள் பசியால் வாடினர்.

அந்நகரில் ‘லிட்டில் ஹவானா’ என்றொரு பகுதி உண்டு. 1959ஆம் ஆண்டில் கியூபாவில் புரட்சி வென்றபின், அந்நாட்டைவிட்டு வெளியேறியோர் திரளாகக் குடியேறிய இடம் அது. அதனூடே செல்லும் எட்டாம் தெருவை அவர்கள் தம் ஸ்பானிய மொழியில் ‘காயே ஓச்சோ’ என்கின்றனர். தெருவோரப் பூங்காவில் முதியவர்கள் டோமினோ ஆடிக்கொண்டிருந்தனர். பெரிய உணவகங்களின் வாயில்களில் பயணிகள் வரிசையாக நின்றனர். எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே பக்கத்துச் சந்தில் திரும்பி, சலவைக் கடை ஒன்றை அடுத்திருந்த சிற்றுணவகத்தின் முன் நின்றோம்.

“இங்கேயா?” என்று நான் முகம் சுளித்தேன். உள்ளே ஆறே மேசைகள். அவற்றின்மேல் நெகிழித் தாள் விரிப்புகள். தெருவை நோக்கிய சிறு சன்னல் வழியே காப்பி விற்றுக்கொண்டிருந்தனர். சுவரில் ஒரு மாதா படம். அன்னையின் காலடியில், அலைமோதும் கடலில், படகு ஒன்றில் மூவர். அதைக் கண்டதும் என் துணைவி சிலுவை அடையாளம் வரைந்து, நாற்காலியை இழுத்து அமர்ந்துவிட்டாள். அதன்பின் வேறிடம் தேடும் பேச்சே எழவில்லை.

எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் உணவு கொண்டுவந்தார். வெள்ளைச் சோறு, குழைய வெந்த கறுப்பு பீன்ஸ், எண்ணெயில் பொரித்த இனிய வாழைப்பழத் துண்டுகள், நூல்நூலாகப் பிய்த்துத் தக்காளியும் குடைமிளகாயும் சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி. அக்கறியின் பெயர் ‘ரோப்பா வியேஹா’. ‘பழந்துணி’ என்று பொருளாம். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பீன்ஸில் சீரக மணம் கமழ்ந்தது. மற்றொரு தட்டில் வெண்ணிறக் கிழங்கு. அதன்மேல் பூண்டு வதக்கிய எண்ணெயும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும். ஒரு துண்டை வாயிலிட்ட என் துணைவி, “இது நம் ஊர் மரச்சீனியல்லவா!” என்று வியந்தாள். ஒரு திங்களாக அரைவயிறு உண்டுவந்தவள், அன்று இருமுறை வாங்கி உண்டாள்.

அவள் மகிழ்ச்சியை நான் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். முதியவர் எங்களருகே அமர்ந்தார். “இது என் தாயின் கைப்பக்குவம், ஐயா” என்று தொடங்கித் தம் கதையைக் கூறினார்.

1962ஆம் ஆண்டில், ஒன்பதாம் வயதில், அவர் தனியே விமானமேறி வந்தவர். ஹவானா விமான நிலையத்தில் பயணிகளை உறவினரிடமிருந்து பிரிக்கும் கண்ணாடி அறை ஒன்றிருந்தது; மக்கள் அதனை ‘மீன்தொட்டி’ என்றனர். உள்ளே மகன், வெளியே தாய். அவள் உதடுகள் அசைவதைக் கண்டாராம், சொல் கேட்கவில்லையாம்.

1960ஆம் ஆண்டின் இறுதி முதல் 1962 அக்டோபர் வரை இவ்வாறு பெற்றோரின்றி வந்த சிறார் 14,000க்கும் மேற்பட்டோர். 1961இல் புதிய அரசு கத்தோலிக்கப் பள்ளிகள் உட்பட எல்லாத் தனியார் பள்ளிகளையும் தன்வசமாக்கியது. பிள்ளைகள்மேல் பெற்றோருக்குள்ள உரிமையும் பறிபோகும் என்ற வதந்தி பரவியது. அஞ்சிய பெற்றோர், சில திங்களில் மீண்டும் சேர்வோம் என்றெண்ணிப் பிள்ளைகளை அனுப்பினர். மயாமியில் அருட்தந்தை பிரையன் வால்ஷ் அவர்களை ஏற்றுப் புகலிடம் தேடித் தந்தார். ‘பெட்ரோ பான்’ என்று வரலாறு இதனைக் குறிக்கிறது. ஏவுகணை நெருக்கடி எழுந்ததும் விமானங்கள் நின்றன. சில திங்கள் பல ஆண்டுகளாயின.

“பனி பெய்யும் வட மாநிலத்தில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தேன். 1966இல் அம்மா வந்தாள். அதற்குள் என் தாய்மொழி பாதி மறந்துபோயிற்று. அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவள் இந்த பீன்ஸை வேகவைத்தாள். அந்த மணம் எழுந்தபோதுதான் அவள் என் தாயென்று நெஞ்சு ஒப்பியது. ‘என்னை ஏன் அனுப்பினாய்?’ என்று கேட்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. ‘நீ கேளாதிருந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை’ என்று அவள் அழுதாள்.”

நான் இதைத் துணைவிக்குத் தமிழில் சொல்லி முடித்தபோது, மகன் கரண்டியை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வயதில் அவனைத் தொலைவிலிருந்த பள்ளி விடுதியில் சேர்த்தவன் நான். முதியவர் ஒரு கோப்பையில் இனிப்பு மிக்க காப்பியும் சிறு கிண்ணங்களும் கொணர்ந்து, தாமே எங்களுக்குப் பகிர்ந்து ஊற்றினார். அதற்குப் பணம் பெற மறுத்துவிட்டார்.

மாலையில் அவர் சொன்ன வழியே, கடற்கரையிலுள்ள கரிதாத் அன்னையின் திருத்தலம் சென்றோம். சுவரில் கண்ட படத்தின் அன்னை அவரே, கியூபாவின் பாதுகாவலி. 1961இல் அந்நாட்டிலிருந்து கொணர்ந்த சுரூபத்திற்கு, அகதிகள் தம் சிறு காணிக்கைகளால் எழுப்பிய ஆலயம் 1973இல் அர்ச்சிக்கப்பட்டது. கியூபா இருக்கும் திசையில் கடல் பரந்து கிடந்தது.

கடற்சுவரருகே மகன் மெல்லக் கூறினான்: “அப்பா, விடுதியில் முதலாண்டு முழுவதும் ஞாயிறுதோறும் வாயிற்படியிலேயே அமர்ந்திருப்பேன், நீங்கள் வருவீர்களென்று.”

35 ஆண்டுகளாக அவனை ஆளாக்கியதாகப் பெருமை பேசி வந்தவன் நான். அந்தக் கியூபத் தாய்க்கு அச்சம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? மதிப்பெண் ஆசையன்றி வேறில்லை. “தவறு செய்துவிட்டேன், மகனே” என்றேன். அவன் விடை கூறவில்லை. காரை நோக்கி நடக்கையில் என் கையைப் பற்றிக்கொண்டான். வழியில் படியோ மேடோ ஒன்றுமில்லை.

நன்மைக்கென்றே பிள்ளைகளைத் தொலைவில் அனுப்பிய பெற்றோர் நம் பங்குகளில் பலர் உளர். அவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒருநாள் அருகமர்த்தி, வயிறார உணவிட்டு, நாமே கேட்டுவிடலாம்.