பெயர் தெரியாத உறவு

ஆண்டிற்கு இரண்டு மூன்று திரைப்படங்களுக்குமேல் நான் பார்ப்பதில்லை. 2024-இல் வந்தவற்றுள் மாரி செல்வராஜின் 'வாழை' தார் சுமக்கும் சிறுவர்களைக் காட்டிக் கலங்கவைத்தது. அதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' வேறு வகையில் என்னைப் பிடித்துக்கொண்டது.

தஞ்சையில் வீட்டை இழந்து சென்னைக்குப் பெயர்ந்த அருள் (அரவிந்த்சாமி), பல்லாண்டுகளுக்குப்பின் தங்கை முறைப் பெண்ணின் திருமணத்திற்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே 'அத்தான்' என்று ஒட்டிக்கொள்ளும் ஒருவர் (கார்த்தி) உணவும் இடமும் தந்து அவரைக் கொண்டாடுகிறார். அவர் யாரென்று அருளுக்கு நினைவில்லை, கேட்கவும் கூசுகிறது. இறுதியில் சொல்லிக்கொள்ளாமலே புறப்பட்டுவிடுகிறார். படம் நீளம் என்று, வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். அந்தக் கூச்சத்திற்கு அந்த நீளம் வேண்டும் என்பேன்.

நானும் பங்குகள் பல மாறியவன். ஒருமுறை பேருந்து நிலையத்தில் ஒருவர் என் கையைப் பற்றி, "சாமி, எங்க கல்யாணத்த நீங்கதான் மந்திரிச்சீங்க, தெரியுதா?" என்றார். "தெரியாமலா?" என்றேன். பொய். தேநீர் வாங்கித் தந்தார். முண்டியடித்து ஏறி எனக்கு இடமும் பிடித்தார். பேருந்து நகர்ந்தபோது, "என் பேரச் சொல்லி வேண்டிக்கோங்க சாமி" என்றார்.

அருளாவது பின்னர்த் தொலைபேசியில் உண்மையை ஒப்புக்கொண்டார். எனக்கு எந்தப் பங்கு என்பதே தெரியவில்லை. மறுநாள் திருப்பலியில், பெயர்களை நினைவுகூருமிடத்தில், சற்று நேரம் பேசாது நின்றேன்.