பெயருக்காக வைத்திருந்த இசைத்தட்டு

நோன்பு கடைசிப் பத்தில் எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் இருந்த இடத்தில் இருக்காது. பெருநாளைக்கு முன் வீடு முழுவதும் கழுவித் துடைத்தாக வேண்டும் என்பது உம்மாவின் சட்டம். 2023ஆம் ஆண்டு நோன்பிலும் அப்படித்தான். உம்மா அலுமாரிகளை ஒவ்வொன்றாகக் காலி பண்ண, நானும் தம்பியும் தூசு தட்டிக்கொண்டிருந்தோம். லுஹருக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்த வாப்பா, உம்மம்மாவின் அலுமாரிக்குள் இருந்து வந்த ஒரு பொதியைப் பிரித்தார். பழைய வெள்ளைச் சீலைத் துண்டு. அதற்குள் சதுரமான மட்டை உறை. உறைக்குள் ஓர் இசைத்தட்டு.

"போடுறதுக்கு மெஷினே இல்லாத வீட்டில இது என்னத்துக்கு? பதுளைக்குப் போற நேரம் பழைய சாமான் கடையில குடுப்போம்" என்றார்.

கட்டிலில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த உம்மம்மா நிமிர்ந்து, "அது வாணாம் மகன். அதில நபிட பேர் ஈக்குது" என்றார்.

அந்தக் கதையை நான் முழுமையாகக் கேட்டது அன்றைக்குத்தான். உம்மாவின் வாப்பாவை நாங்கள் 'அப்பா' என்போம். நான் பிறக்க முன்பே அவர் மௌத்தாகிவிட்டார். தெமோதரை பஸாரில் இப்போது வாப்பா நடத்தும் பலசரக்குக் கடை அவர் போட்டதுதான். தோட்டத்துப் பங்களாக்களுக்கு அரிசி, பருப்பு, சீனி எல்லாம் அங்கிருந்துதான் போகுமாம். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது வெள்ளைக்காரத் துரைமார் ஊருக்குக் கிளம்பினார்கள். பங்களாச் சாமான்கள் கண்டபடி விலைபோயின. அப்பா ஒரு ரேடியோகிராமும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளும் வாங்கி வந்தார். ரேடியோகிராமில் வானொலி மட்டும் வேலை செய்தது. முஸ்லிம் நிகழ்ச்சியும் செய்தியும் கேட்க அது போதும் என்று அப்பா விட்டுவிட்டார். இசைத்தட்டுகள் கொஞ்சக் காலத்தில் கைமாறிப் போயின.

ஒன்று மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டப் பழகியிருந்த பெரிய மாமா, விற்பதற்கு முன் ஒவ்வோர் உறையையும் எடுத்து வாசித்துக் காட்டினாராம். ஓர் உறையில் 'அஹ்மத் ஜமால்' என்று வாசித்தார். உம்மம்மா அதைப் பெட்டியில் இருந்து எடுத்து, சீலையில் சுற்றி வைத்துவிட்டார். யார், எந்த ஊர், என்ன பாடுகிறார், ஒன்றும் தெரியாது. அந்தப் பெயர் எழுதிய ஒன்றைக் குப்பையோடு போடவோ, யாரும் காலால் மிதிக்க விடவோ அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அன்று பின்னேரம் நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது, உம்மாவின் போனில் அந்தப் பெயரைத் தேடினேன். முதலில் வந்ததே மரணச் செய்தி. அமெரிக்கப் பியானோ கலைஞர் அஹ்மத் ஜமால் ஏப்ரல் 16ஆம் திகதி காலமானார், வயது 92. நாட்களை எண்ணிப் பார்த்தேன். நோன்பு மாதத்துக்குள்தான். நான் தேடிய நாளுக்கு மூன்று நாள் முன்பு.

உம்மம்மாவிடம் சொன்னேன். ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னாலில்லாஹி" என்று தொடங்கி முழுவதும் ஓதினார். பிறகு, "இவ்வளவு நாளும் உசிரோடயா இருந்தார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை ஏதோ செய்தது. நாற்பத்தெட்டு வருடம் ஒருவருடைய பெயரைச் சீலையில் சுற்றி வைத்திருந்திருக்கிறோம். அவர் அத்தனை காலமும் எங்கோ உயிரோடு இருந்து பியானோ வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

போனில் இருந்த இசையை உடனே போட்டுப் பார்க்க எனக்கு ஆசை. வாப்பா, "நோன்பு மாசத்தில பாட்டுக் கூத்து வாணாம்" என்றார். இசையைப் பற்றி உலமாக்களின் கருத்துகள் எங்களுக்குத் தெரிந்தவைதான். வாப்பா அதில் கண்டிப்பானவர். அந்த விவாதத்தை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. அவர் சொன்னால் எங்கள் வீட்டில் சொன்னதுதான். ஆகவே பெருநாள் வரைக்கும் கேட்காமல், வாசித்து மட்டும் வைத்தேன்.

அவர் 1930இல் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பேர்க்கில், இரும்பு ஆலைகளின் நகரத்தில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஃப்ரெட்ரிக் ரஸல் ஜோன்ஸ். மூன்று வயதில், மாமா ஒருவர் பியானோவில் வாசித்துக் காட்டி "முடிந்தால் நீ வாசி" என்று சீண்டியபோது அப்படியே திருப்பி வாசித்தாராம். ஏழு வயதில் இருந்து அவருக்குக் கற்பித்தவர் மேரி கார்ட்வெல் டோசன் என்ற கறுப்பினப் பெண்மணி. இந்தப் பெயரைச் சகோதரிகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கறுப்பினப் பாடகர்களுக்குப் பெரிய ஒபெரா அரங்குகளின் கதவு திறக்காத காலத்தில், 1941இல், அவர்களுக்கென்றே ஒரு தேசிய ஒபெரா நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்.

இருபது வயதளவில் ரஸல் ஜோன்ஸ் இஸ்லாத்தை ஏற்று அஹ்மத் ஜமால் ஆனார். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி வரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் எஜமான் குடும்பங்களின் பெயர்களே மிஞ்சின. தோட்டத்தில் இருந்து வரும் என் சிநேகிதி ஒருத்தியின் பாட்டனார் பெயரை, செக்ரோலில் எழுதியவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிவிட்டார். அந்தப் பிழையோடுதான் இன்றைக்கும் அவர்கள் வீட்டு அடையாள அட்டைகள் இருக்கின்றன. அதனாலோ என்னவோ, தன் பெயரைத் தானே தேர்ந்தெடுத்த மனிதர் என்பது எனக்கு உடனே விளங்கியது.

எங்களிடம் உள்ள இசைத்தட்டு 1958 ஜனவரி 16ஆம் திகதி சிக்காகோவில், பெர்ஷிங் ஹோட்டலின் விருந்தினர் கூடத்தில் பதிவானது. பியானோவில் அவர், கொன்ட்ராபாஸில் இஸ்ரேல் குரோஸ்பி, டிரம்ஸில் வெர்னல் ஃபூர்னியே. மூன்றே பேர். அன்றிரவு பதிவானவை 43. அவற்றில் எட்டை மட்டும் அஹ்மத் ஜமால் தேர்ந்தெடுத்தார். மிச்சம் முப்பத்தைந்தையும் ஒதுக்கி வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று, கட்டுரைப் போட்டிக்கு ஒரு பந்தியைக்கூட வெட்ட மனம் வராத நான் யோசித்தேன். அந்தத் தட்டு நூறு வாரங்களுக்கு மேலாக அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இருந்தது. 'ஜாஸ்' என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. அமெரிக்காவின் செவ்வியல் இசை என்றுதான் சொல்லுவார். மைல்ஸ் டேவிஸ் என்ற பெரிய எக்காளக் கலைஞர் இவரிடம் கற்றுக்கொண்டதை ஒளிக்கவில்லை. இவர் ஆக்கிய ஒன்றை 1957இல் தன் இசைத்தட்டிலும் சேர்த்துக்கொண்டார்.

பெருநாள் முடிந்து நான்காம் நாள், வாப்பா கடையில் இருந்த நேரம், உம்மாவிடம் கேட்டுவிட்டு உம்மம்மாவின் கட்டிலில் போய் அமர்ந்தேன். இசைத்தட்டு அவர் மடியில். போன் என் கையில். அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. மற்றக் காதுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். தட்டின் இரண்டாம் பக்கத்தில் முதலில் வருவதைப் போட்டேன். அதன் பெயர் 'பொயின்சியானா'. எங்கள் பாதை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் மயிற்கொன்றை இனத்தின் பெயர்தான் அது. எட்டு நிமிடம் ஓடும்.

முதலில் டிரம்ஸ். ஃபூர்னியே நியூ ஓர்லியன்ஸ்காரர். ஊர்வலங்களில் மேளம் முழங்கும் நகரம் அது. ஒரு கையில் பஞ்சு சுற்றிய கோல். கேட்பவர்களுக்கு இரண்டு பேர் அடிப்பது போல் இருக்கும். எட்டிப் பார்த்த தம்பி, "தோட்டத்துத் தப்பு மாதிரி இருக்கு" என்றான். பிறகு பியானோ மெதுவாக வந்தது. கொஞ்சம் வாசித்தது, நின்றது. நின்ற இடத்தில் மற்ற இருவரும் போய்க்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவு பெயர் பெற்றவர் இன்னும் நிறைய வாசிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

உம்மம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "பேச்சு ஒண்டும் இல்லையே" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "கோச்சி மாதிரி ஈக்குது" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தெமோதரையில் பதுளைக்குப் போகும் கோச்சி, ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கும் சுரங்கத்துக்குள்ளால் போகும். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் இந்தத் திட்டம் வந்தது என்று ஊரில் ஒரு கதை. 1924இல் பதுளை வரை பாதை போட்டதில் இருந்து சொல்லப்படுகிறதாம். எங்கள் வீட்டுக்குக் கோச்சி கிளம்பும் சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. போய்விட்டது என்று நினைக்கும்போது கீழே இருந்து வரும்.

"சத்தத்தையா சொல்றீங்க?" என்றேன்.

"இல்ல புள்ள. போயிட்டுது என்டு நெனச்சா, கீழால வருது. அவர் நிப்பாட்டல்ல. சுத்தி வாறார்."

மறுபடி போட்டேன். இந்தத் தடவை பியானோ நின்ற இடங்களில் நான் காத்திருந்தேன். உம்மம்மா சொன்னது சரி.

அதன் பிறகு நான் நிறையத் தேடினேன். பரீட்சைக்குப் படிக்கும் நேரம் குறைந்ததாக உம்மா சொல்வதில் உண்மை உண்டு. அந்த டிரம்ஸ்காரர் வெர்னல் ஃபூர்னியேயும் 1975இல் இஸ்லாத்தை ஏற்று அமீர் ருஷ்தான் என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்பா அந்தத் தட்டை வாங்கி வந்த அதே வருடம். ஜோன் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிவு செய்த புகழ்பெற்ற 'எ லவ் சுப்ரீம்' என்ற தட்டில் பியானோ வாசித்த மெக்கோய் டைனருக்கு சுலைமான் ஸஊத் என்றொரு பெயர் இருந்தது. 1961இல் 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' என்ற தட்டைச் செய்த யூஸுஃப் லத்தீஃப், 1975இல் கல்வியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் மது விற்கும் இடங்களில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தவர் அவர். ஏன், எங்கள் நாட்டிலேயே சேலத்தில் பிறந்த முஹிதீன் பேக் பாடிய சிங்களப் பக்திப் பாடல்கள் இல்லாமல் வெசாக் கிடையாதே. பெயருக்கும் குரலுக்கும் நாங்கள் போடும் வேலிகளை இவர்கள் யாரும் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வாப்பாவிடம் நான் சொன்னது வேறொன்று. அதைச் சொல்ல முன் எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021இல் வாப்பா சிகரெட், பீடி விற்பதை நிறுத்தினார். நல்ல காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் சிலரே சாமான் வாங்க வேறு கடைக்குப் போனார்கள். சிகரெட் வாங்க வருகிறவர் தீப்பெட்டி எடுப்பார், பிஸ்கட் எடுப்பார், சோடா குடிப்பார். அவர் வராவிட்டால் அதெல்லாம் இல்லை. அடுத்த வருடம் நாடே கியூவில் நின்றது. அந்த மாதங்களில் என் டியூஷன் காசு எப்படி வந்தது என்று உம்மாவுக்குத்தான் தெரியும். கையில் இருந்த இரண்டு வளையல் இப்போது இல்லை. திரும்பச் சிகரெட் போடச் சொல்லிப் பெரிய மாமாவே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஓர் இரவு கணக்குக் கொப்பியை வைத்துக்கொண்டிருந்த வாப்பாவிடம், "அந்த அஹ்மத் ஜமாலும் ஒரு கடை போட்டார் வாப்பா" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "என்ன கடை?"

"சாப்பாட்டுக் கடை. சிக்காகோவில. உள்ளுக்கு அவரே பியானோ வாசிப்பார். அல்ஹம்ரா என்டு பேர். அந்த இசைத்தட்டு வித்த புகழில போட்டது. மது விக்கிறதில்ல என்டு வச்சிட்டார்."

அந்த நாட்களில் இப்படியான கூடங்கள் பிழைப்பதே மது விற்பனையால்தான். பெர்ஷிங் கூடமும் அப்படியான ஓர் இடம்தான். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

வாப்பா பேனையை வைத்தார். "எவ்வளவு காலம் நடத்தினார்?"

"ஓரிரண்டு வருஷம்தான். பிறகு மூடிட்டார்."

"நட்டமா?"

"ஓம்."

"அதுக்குப் பிறகு?"

"கொஞ்சக் காலம் வாசிக்கவே இல்ல. 1962இல கூட்டமும் பிரிஞ்சிட்டுது. அந்தக் கொன்ட்ராபாஸ்காரர் அதே வருஷம் மௌத்து. பிறகு திரும்ப வாசிக்கத் தொடங்கி, கடைசியா 2019இலயும் ஒரு இசைத்தட்டு போட்டார். எண்பத்தொன்பது வயசு."

வாப்பா கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசை கேட்கலாமா கூடாதா என்பதைப் பற்றி அவர் கருத்து மாறியதாக நான் சொல்ல மாட்டேன். மாறவில்லை. இன்றும் அவர் வீட்டில் இருந்தால் நான் போனை எடுப்பதில்லை. ஆனால் அடுத்த நாள் கடையில் இருந்து வரும்போது, தடித்த பொலித்தீன் உறை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். "அந்தச் சீலை நைஞ்சு போயிட்டுது" என்று மட்டும் சொன்னார்.

உம்மம்மா இசைத்தட்டைச் சீலையோடே அதற்குள் வைத்து, அலுமாரியில் அதே இடத்தில் வைத்தார். மஃரிபுக்குப் பிறகு மௌத்தானவர்களின் பெயர்களைச் சொல்லி துஆக் கேட்பது அவர் வழக்கம். அவருடைய உம்மா, வாப்பா, அப்பா, லாத்தாமார் என்று வரிசை நீளும். இப்போது அந்த வரிசையின் கடைசியில், "அமெரிக்காவில ஈக்கிற அஹ்மத் ஜமால்" என்று ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது. 'இருந்த' என்று நான் ஒருமுறை திருத்தப் பார்த்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.