பாஸ்டனில் ஒரு சிவப்புக் கோடு

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வழி தவறிப் போவது கஷ்டம். தரையிலேயே சிவப்பாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சில தெருக்களில் செங்கல் பதித்து, சில தெருக்களில் பெயிண்ட் அடித்து. தலையைக் குனிந்துகொண்டு அதன் மேலேயே நடந்தால் போதும். பூங்கா, சர்ச், இடுகாடு, பழைய சட்டசபை, மார்க்கெட், போர்க்கப்பல், போர்க்கள ஸ்தூபி என்று 16 இடங்கள். மொத்தம் இரண்டரை மைல். நம் கணக்கில் 4 கிலோ மீட்டர். பெயர் 'ஃப்ரீடம் டிரெயில்'. சுதந்திரப் பாதை என்று வைத்துக் கொள்ளுங்களேன். இங்கிலீஷ்காரனை எதிர்த்து அமெரிக்கர்கள் முதலில் கொடி பிடித்த ஊர் இது.

இந்தப் பாதைக்கு யோசனை சொன்னது சர்க்கார் இல்லை, ஒரு பத்திரிகைக்காரர். வில்லியம் ஸ்கோஃபீல்ட் என்பவர் 1951-ல், சரித்திர இடங்களையெல்லாம் ஒரே நடைபாதையாக இணைத்தால் என்ன என்று எழுதினார். மேயரும் சரி என்றார். பத்திரிகையில் எழுதி ஊரில் ஒரு காரியம் நடந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆதாரம் இது ஒன்றுதான்.

கோட்டைப் பிடித்துக்கொண்டு தனியாகவும் போகலாம். கைடோடும் போகலாம். நாங்கள் கைடோடு போனோம். எங்களுக்கு வாய்த்த ஆசாமி 18-ம் நூற்றாண்டு வேஷத்தில் வந்தார். முக்கோணத் தொப்பி, முழங்காலோடு நின்றுவிட்ட கால்சட்டை, வெள்ளை ஸ்டாக்கிங்ஸ், பக்கிள் வைத்த ஷூ, மேலே தடிமனான கோட்டு. ஜூலை மாத வெயில்.

"பாவங்க. நம்ம ஊர்ல கூத்து கட்டறவங்ககூட ராத்திரியிலதான் கட்டுவாங்க" என்றாள் என் மனைவி.

ஆனால் மனுஷர் அசரவில்லை. பதினைந்து பேர் கொண்ட எங்கள் கோஷ்டியைப் பூங்காவில் நிறுத்தி ஆரம்பித்தார். அந்தப் பூங்கா 1634-லிருந்து ஊர்ப் பொதுச்சொத்து. 1830 வரைக்கும் அதில் மாடு மேய்ந்திருக்கிறது. நடுவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூடாரம் அடித்தார்கள். எதிரே சட்டசபையின் தங்கக் கோபுரம். அதற்கு முதலில் செப்புத் தகடு போர்த்தியது பால் ரிவியர் கம்பெனி. குதிரையில் போய் "சிப்பாய்கள் வருகிறார்கள்" என்று ஊரை எழுப்பினாரே, அதே ரிவியர். வெள்ளிப் பாத்திரம் செய்வார், படம் செதுக்குவார், பொய்ப்பல் கட்டுவார். புரட்சி அவருக்குப் பகுதி நேர வேலை.

அடுத்தது கிரானரி இடுகாடு. 1660-ம் வருஷத்தியது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள்: சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், ராபர்ட் ட்ரீட் பெய்ன். ரிவியர் சமாதியில் சில்லறைக் காசு வைத்துவிட்டுப் போகிறார்கள். உண்டியல் வைக்க ஆள் இல்லாத குறைதான். ஹான்காக்குக்கு மட்டும் உயரமாக ஒரு தூண். பிரகடனத்திலும் அவர் கையெழுத்துதான் எல்லாவற்றையும்விடப் பெரிசு. 'இங்கே உன் ஜான் ஹான்காக்கைப் போடு' என்றால் அமெரிக்காவில் 'கையெழுத்துப் போடு' என்று அர்த்தம். இந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

நாலு தெரு தள்ளி ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ். 1729-ல் கட்டிய செங்கல் சர்ச். பாஸ்டன் தேநீர் விருந்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கான கூட்டம் நடந்தது இங்கேதான். 1773 டிசம்பர் 16. உள்ளேயும் வெளியேயுமாக ஐயாயிரம் பேர். கூட்டம் முடிந்ததும் மோஹாக் செவ்விந்தியர்கள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். மூன்று மணி நேரம் கொட்டியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் தேயிலை விலை ஏறவில்லை. சட்டம் போட்டுக் குறைத்திருந்தார்கள். வரி பவுண்டுக்கு மூன்றே பென்ஸ்தான். ஆனால், 'எங்கள் ஆள் ஒருத்தன்கூட இல்லாத பார்லிமென்ட் எப்படி எங்களுக்கு வரி போடலாம்?' என்பதுதான் கேள்வி.

"அது நம்ம ஊர் டீத்தூளாங்க?" என்று மனைவி என் காதில் கேட்டாள். நான் கைடிடம் கேட்டேன். இல்லை, சீனத் தேயிலை. இந்தியாவில் தோட்டம் போட்டதெல்லாம் அடுத்த நூற்றாண்டில். ஆனால் தேயிலையின் சொந்தக்காரன் நமக்குத் தெரிந்தவன்தான். கிழக்கிந்தியக் கம்பெனி. மதராஸில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கம்பெனி. கடனில் முழுகப்போன அதைக் கரையேற்றத்தான் லண்டன் அந்தச் சட்டத்தைப் போட்டது.

கைடு அத்தோடு விடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதே சர்ச்சுக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்" என்று குரலை இறக்கினார்.

1761-ல் ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்கு வந்த அடிமைக் கப்பலில் ஒரு சிறுமி. முன் பற்கள் விழுந்திருந்ததைப் பார்த்து ஏழெட்டு வயது என்று கணக்குப் போட்டார்கள். வீட்லி என்ற வியாபாரி குடும்பம் வாங்கியது. கப்பலின் பெயர் ஃபிலிஸ். அதையே அவளுக்கு வைத்துவிட்டார்கள். ஆக, ஃபிலிஸ் வீட்லி. ஏற்றி வந்த கப்பலின் பெயர் பெயராச்சு, வாங்கினவன் பெயர் இனிஷியலாச்சு. அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாளோ, அது போயே போச்சு.

அந்தப் பெண் இங்கிலீஷ் கற்றுக்கொண்டாள். லத்தீன் கற்றுக்கொண்டாள். கவிதை எழுதினாள். அடிமைப் பெண்ணாவது, கவிதையாவது என்று யாரும் நம்பவில்லை. அதனால் ஊர்ப் பெரிய மனிதர்கள் 18 பேர், 'இவள்தான் எழுதினாள்' என்று சர்டிபிகேட் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு கையெழுத்து ஜான் ஹான்காக்குடையது. சில வருஷம் கழித்து, மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சொல்லும் பிரகடனத்தின் கீழே பெரிசாக விழப்போகிற அதே கையெழுத்து.

அப்படியும் பாஸ்டனில் அச்சுப் போட ஆள் கிடைக்கவில்லை. லண்டனில்தான் 1773-ல் புத்தகம் வந்தது. அதன் பிரதிகள் எந்தக் கப்பலில் பாஸ்டனுக்கு வந்தன தெரியுமா? டார்ட்மவுத். தேயிலை கொண்டுவந்த மூன்று கப்பல்களில் ஒன்று! தேயிலை கடலுக்குப் போனது. நல்ல வேளை, புத்தகம் கரைக்கு வந்துவிட்டது.

அந்த வருஷமே அவளுக்கு விடுதலை கிடைத்தது. 1784-ல், ஏறக்குறைய 31 வயதில், வறுமையில் இறந்து போனாள்.

அதுவரை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார்கள். என் மனைவி இந்தத் தடவை என்னை நம்பவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேராகவே கேட்டாள். "வேர் ஹெர் சமாதி?"

கைடு கையை விரித்தார். "யாருக்கும் தெரியாதம்மா."

அடுத்து ஒரு தெரு முனையில் கல் பதித்த வட்டம் ஒன்று. பக்கத்தில் பழைய ஸ்டேட் ஹவுஸ். அதன் பால்கனியிலிருந்துதான் 1776 ஜூலை 18-ல் பிரகடனத்தை ஊருக்குப் படித்துக் காட்டினார்கள். கட்டடத்துக்கு அடியில் இப்போது சுரங்க ரயில் ஓடுகிறது. வட்டத்தைக் காட்டி கைடு சொன்னது இது: 1770 மார்ச் 5 ராத்திரி இங்கே ஜனங்கள் சிப்பாய்களைப் பனிக்கட்டியால் அடிக்க, சிப்பாய்கள் சுட, ஐந்து பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் கிரிஸ்பஸ் அட்டக்ஸ். ஆப்பிரிக்க, செவ்விந்திய ரத்தம் கலந்தவர். சுட்ட சிப்பாய்களுக்குக் கோர்ட்டில் வாதாட முன்வந்த வக்கீல் யார் தெரியுமா? பின்னால் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். எட்டு சிப்பாய்களில் ஆறு பேருக்கு விடுதலை. இரண்டு பேருக்குக் கட்டை விரலில் சூடு. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது எதிரிக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்று நின்றாரே, எனக்கு அது தேயிலை கொட்டியதைவிடப் பெரிய காரியமாகப் பட்டது.

கைடின் கடைசி இடம் ஃபேன்யுல் ஹால். 'சுதந்திரத்தின் தொட்டில்' என்று பட்டம். வரியை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாகப் பேசிய மண்டபம். 1742-ல் ஊருக்குக் கட்டிக் கொடுத்தவர் பீட்டர் ஃபேன்யுல். பணம் எப்படி வந்தது? பல வியாபாரங்கள், அவற்றில் அடிமை வியாபாரமும் ஒன்று. பெயரை மாற்றச் சொல்லிக் கிளர்ச்சிகூட நடந்திருக்கிறது. இதையும் கைடு மறைக்காமல் சொல்லிவிட்டு, தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்து விடைபெற்றார். டிப்ஸ் கொடுக்கும்போது மனைவி என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இதுவும் ஒரு சரித்திர நிகழ்ச்சி.

மீதிப் பாதையை நாங்களே நடந்தோம். ரிவியரின் மர வீடு, இரண்டு விளக்கு ஏற்றி சேதி சொன்ன ஓல்டு நார்த் சர்ச் எல்லாம் தாண்டி, மேட்டின் மேல் காப்ஸ் ஹில் இடுகாடு. 1659-ம் வருஷத்தியது. இறக்கைக் கபாலம் செதுக்கிய கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு பக்கம் மட்டும் வெறும் புல்தரை. அந்தப் பக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள், அடிமைகளும் விடுதலையானவர்களுமாக, பெயர்க்கல் இல்லாமல் கிடக்கிறார்கள். பிரின்ஸ் ஹால் என்பவருக்கு மட்டும் நினைவுக்கல் உண்டு. பிரகடனம் வெளியான ஆறே மாதத்தில், 1777 ஜனவரியில், 'அந்தச் சுதந்திரம் எங்களுக்கும்தானே?' என்று மாநில சபைக்கு மனுக் கொடுத்தவர்களில் ஒருவர். மாசசூசெட்ஸில் அடிமை முறை கோர்ட்டுத் தீர்ப்பால் முடிவுக்கு வர 1783 ஆயிற்று.

மனைவி அந்தப் புல்தரை ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். "அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கான்னு வச்சுக்கறேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தாங்கள் பெருமைப்படும் கதையைச் சொல்ல எல்லா ஊரிலும் கைடு உண்டு. தலை குனிய வேண்டிய இடத்திலும் ஆளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்கிற ஊர் சுதந்திரம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் புரிந்துகொண்ட ஊர் என்று தோன்றியது.

கோடு பங்கர் ஹில்லில் முடிகிறது. 221 அடி உயர ஸ்தூபி, 294 படி, லிஃப்ட் கிடையாது. 1775 ஜூன் 17-ல் இங்கே நடந்த சண்டையில் அமெரிக்கர்கள் தோற்றார்கள். தோற்ற சண்டைக்கு இத்தனை பெரிய ஸ்தூபி! "நீங்க ஏறிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று மனைவி புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மூச்சு வாங்க ஏறி ஜன்னல் வழியே பார்த்தேன். துறைமுகம், ஆறு, கட்டடங்கள் என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. சிவப்புக் கோடு மட்டும் தெரியவில்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கி நடக்கத்தான் வேண்டும்.