ஐந்து நட்சத்திரமும் நான்கு சுவரும்

குளியலறைக் குழாய் ஒழுகினால் நகரத்தில் இப்போது மேஸ்திரியைத் தேடிப் போகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். செல்பேசியில் ஆப்பைத் திறந்தால் பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்பெண்டர், பெயிண்டர், பாத்ரூம் கிளீனிங் என்று படங்கள் வரிசையாக நிற்கின்றன. சுலேகா, ஜஸ்ட் டயல் போன்றவை வீட்டுக்காரரையும் வேலைக்காரரையும் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அர்பன் கம்பெனி போன்றவை விலை, ஆள், நேரம் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். 2014-இல் அர்பன்கிளாப் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம் 2025 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, விற்பனைக்கு வைத்த பங்குகளைப் போல நூறு மடங்குக்கும் மேல் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அடுத்தவர் வீட்டைச் சுத்தம் செய்வதில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று நம் அம்மாக்களிடம் யாரும் சொல்லவில்லை.

கல்லூரி வாசகர் வட்டங்களில் இதைப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "ஆப் சாதி கேட்பதில்லையே? மேஸ்திரியைவிட இது மேல் இல்லையா?" நியாயமான கேள்விதான். மேஸ்திரி முறையை நினைத்து நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு முச்சந்தியில் கையில் கரண்டியோடு நின்றவர்களில் யாரை வண்டியில் ஏற்றுவது என்பதில் சாதி இருந்தது. சொந்தக்காரனுக்குக் கொத்து வேலை, நமக்குச் சித்தாள் வேலை. கூலி கேட்டால் "நாளைக்கு வா". ஆப்பில் ரேட் முன்கூட்டியே தெரிகிறது. சீருடை இருக்கிறது, கழுத்தில் அட்டை தொங்குகிறது. நம் தம்பிகள் முன்வாசல் வழியாக, பெயர் சொல்லி, வீட்டுக்குள் போகிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம். இதற்காகத் தெருவில் இறங்கிப் போராடிய ஊர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

ஆனால் எந்தப் படத்தைத் தொட்டால் எந்தத் தம்பி வருகிறான் என்று பாருங்கள். தச்சு வேலைக்கு அப்பாவிடம், மாமாவிடம் உளி பிடித்துப் பழகியிருக்க வேண்டும். ஏசி வேலைக்கு ஐடிஐ படிப்பும் கருவிகள் வாங்கக் காசும் வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்குச் சீக்கிரம் திறக்கிற கதவு பாத்ரூம் கிளீனிங். நாங்கள் வேலை செய்கிற குடியிருப்புகளில் ஆப்பில் சேர்ந்த பையன்களைக் கேட்டால் அநேகமாக இந்தப் பதில்தான் வருகிறது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் குலத்தொழிலை வளர்க்கிறது என்று சொல்லித் தமிழ்நாடு ஏற்க மறுத்தது, சரியாகவே மறுத்தது. திட்டம் என்று யாரும் எழுதாமலே அதே வேலை ஆப்பில் நடக்கிறபோது யாரிடம் போய் மறுப்பது?

பட்டியல் தளங்களில் இன்னும் கீழே போனால் 'செப்டிக் டேங்க் கிளீனிங்' இருக்கும், டைல்ஸுக்கும் வால்பேப்பருக்கும் பக்கத்திலேயே. 2013-ஆம் ஆண்டு மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'மறைமுகமாக' என்ற சொல் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எண்ணைக் கொடுத்துக் காசு வாங்குகிறவர் அதற்குள் வருவாரா என்று சட்டம் படிக்கிற தோழர்கள் யாராவது ஒரு வழக்கில் கேட்டாக வேண்டும்.

அடுத்தது முகவரி. கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் எப்படி உருவாயின என்று உங்களுக்குத் தெரியும். நகரத்துக்குள் கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் ஓஎம்ஆர் ஓரத்தில் கொட்டினார்கள். அதே ஓஎம்ஆரில்தான் மென்பொருள் நிறுவனங்களும் அடுக்ககங்களும். ஆப்பில் ஆள் கூப்பிடுகிற வீடும் ஆப்பில் வேலை தேடுகிற வீடும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. போலீஸ் வெரிபிகேஷன் என்று வந்தால், சந்தேகக் கேஸில் ஒருமுறை பிடித்துக்கொண்டு போன பையனுக்கு அங்கேயே கதை முடிந்தது. அதைத் தாண்டியவர்களுக்கு ரேட்டிங் காத்திருக்கிறது.

பாத்ரூம் கிளீனிங் செய்கிற ஒரு தம்பி எங்களிடம் சொன்னது இது. அடுக்ககத்தில் வேலை. வீட்டுக்கார அம்மா மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்.

"எந்த ஏரியாப்பா நீ?"

"கண்ணகி நகர் மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

சொல்லியிருக்கிறான். அதன் பிறகு அந்த அம்மா கணவரைக் கூப்பிட்டு ஹாலில் உட்காரச் சொல்லியிருக்கிறார். வேலை முடிகிற வரை அவர் அங்கிருந்து எழவில்லை. தண்ணீர் கேட்டதற்குப் பேப்பர் கப்பில் வந்தது. கிளம்பும்போது "தேங்க்ஸ்பா" என்றார்கள். கீழே வந்து வண்டியை எடுப்பதற்குள் செல்பேசியில் ஒற்றை நட்சத்திரம்.

"திட்டினாங்களாப்பா?" என்று கேட்டோம்.

"இல்லக்கா, திட்டியிருந்தா பரவாயில்ல. திருப்பியாச்சும் கேட்டிருப்பேன்."

இந்தப் பதிலை நாங்கள் பல நாள் பேசிக்கொண்டிருந்தோம். கணக்காகப் போட்டுப் பாருங்கள். 20 வீட்டில் 18 பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இரண்டு பேர் ஒன்று கொடுத்தால் சராசரி 4.6. அவனுடைய ஆப்பில் 4.7-க்குக் கீழே இறங்கினால் மறுபயிற்சி, அந்த நாள்களுக்கு வருமானம் கிடையாது. திரும்பவும் இறங்கினால் ஐடி முடக்கம். இருபதில் இரண்டு வீட்டில் மட்டும் சாதி பார்த்தால் போதும், மீதிப் பதினெட்டு வீட்டின் நன்றி அடிபட்டுப் போகிறது. வேலை சரியில்லாமல்கூட ஒற்றை நட்சத்திரம் வரலாம், வருகிறது. அந்த ஒன்றையும் இந்த ஒன்றையும் கணினி ஒன்றாகவே கூட்டுகிறது என்பதுதான் நம் புகார். டீக்கடையில் இரட்டைக் குவளையைப் படம் எடுக்க முடிந்தது. 4.6-ஐ எந்தக் கேமராவில் எடுப்பது?

இது நம் பையன்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகத்துக்கு முன்னால் அழகுக்கலை வேலை செய்யும் பெண்கள் உட்கார்ந்தது கமிஷனுக்காகவும் ரேட்டிங்குக்காகவும்தான். கமிஷனைக் குறைப்பதாக அறிவித்த அதே நிறுவனம், டிசம்பரில் அவர்கள் மறுபடி போராடியபோது அவர்கள்மீது நீதிமன்றத்துக்குப் போனது. 2023-இல் பல நகரங்களில் ஐடி முடக்கத்தை எதிர்த்துத் திரும்பவும் போராட்டம். அவர்களைத் தொழிலாளி என்று சொல்வதில்லை, 'பார்ட்னர்' என்கிறார்கள். கூட்டாளிமீதே வழக்கு!

சரி, சட்டம் எங்கே நிற்கிறது? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இன்றைய 15(2)-ஆவது உறுப்பு விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் என்று கேட்டார்கள். உள்ளே நுழைவதை மட்டும் அது குறிக்கவில்லை, காசு கொடுத்துச் சேவை பெறும் எல்லா இடத்தையும் குறிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். முடி திருத்துகிறவரும் துணி வெளுக்கிறவரும் தலித்துக்கு வேலை செய்ய மறுத்த காலம் அது. எனவே, காசோடு வாசலில் நிற்கிற நம்மைத் துரத்தாதே என்று எழுதப்பட்டது. இன்றைக்கு வாசலில் காசோடு நிற்பவர் அவர், பிரஷ்ஷோடு நிற்பவர் நாம். மதிப்பெண் போடுகிற விரல் அவருடையது. இந்தத் திசையில் நடக்கிற பாகுபாட்டுக்கு அந்த உறுப்பிலிருந்து நேராக விடை எடுக்க முடியவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வாருங்கள். 3(1)(r), 3(1)(s) பிரிவுகளில் இழிவுபடுத்தலும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நடந்திருக்க வேண்டும். 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னால் அந்தப் பிரிவு பொருந்தாது என்றது. அதற்கு முன் 2008-இல் ஸ்வரண் சிங் வழக்கில், கேட்டருகே கார் பக்கத்தில் நின்றவரைத் திட்டியது பொதுப் பார்வையில் நடந்ததாகவே கொள்ளப்பட்டது. கேட்டில் நடந்தால் குற்றம், குளியலறையில் நடந்தால் இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறவனுக்குப் பணியிடமே அடுத்தவர் குளியலறை என்றால் என்ன செய்வது? பல லட்சம் பேரின் பணியிடம் ஒரு தனியார் வீட்டுக்குள் இருக்கிற காலத்தில் இந்த 'நான்கு சுவர்' விளக்கம் நிற்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இதை நம் வழக்கறிஞர்கள் மறுபடி எடுத்துப் போக வேண்டும்.

நீதிமன்றம் வரைக்கும் காத்திருக்காமல் செய்ய முடிகிற வேலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 இறுதியில் இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைந்தது. 2025-26 பட்ஜெட்டில் அதில் பதிந்த 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். சென்னையில் ஏசி ஓய்வறைகளும் வந்தன. வேண்டியவைதான், ஆனால் எல்லாம் சாப்பாடு கொண்டுபோகிற தம்பியை மனதில் வைத்துச் செய்தவை. வீட்டுக்குள் போய் வேலை செய்கிறவருக்கு என்ன தேவை என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது, ஐடி முடக்கம் பற்றிப் பேசவில்லை. கர்நாடகத்தின் 2025 சட்டம் பேசுகிறது: காரணத்தை எழுத்தில் கொடு, 14 நாள் முன்னறிவிப்புக் கொடு. தமிழ்நாட்டிலும் அதைக் கேட்போம். கூடவே, குறைந்த நட்சத்திரம் கொடுப்பவர் வேலையில் என்ன குறை என்று எழுத வேண்டும், தொழிலாளி மறுக்க வழி இருக்க வேண்டும், மறுத்தது தீருகிற வரை அந்த நட்சத்திரம் சராசரியில் சேரக் கூடாது. இந்த மூன்றையும் வாரியத்துக்கு மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதுவரை, ஆப்பில் வேலை செய்கிற தம்பி, தங்கைகளுக்கு. நலவாரியத்தில் பதியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னாலும் பின்னாலும் செய்த இடத்தை மட்டும் படம் எடுங்கள், வீட்டு ஆட்கள் அதில் விழ வேண்டாம். தேதி, நேரம், கேட்ட கேள்வி எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ரேட்டிங் பக்கத்தையும் ஆர்டர் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம் ஆளொருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஐடி முடங்கிய பிறகு பழைய ஆர்டர்களைத் திறந்து பார்க்க வழியில்லாமல் எங்களிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.