கற்றாழையின் தாகம்

சோற்றுக் கற்றாழையைக் கொல்வதற்குக் கத்தி வேண்டியதில்லை, பிரியம் போதும். தினம் ஒரு செம்பு தண்ணீர் வார்த்து வந்தால் வேர் அழுகி, மடல் கொழகொழத்து, ஒரு நாள் அடியோடு சாய்ந்துவிடும். கவனிப்பாரின்றிக் கிடந்தாலோ பிழைத்துக்கொள்ளும். நம் ஊரில் திருஷ்டிக்கென்று அதை வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டுகிறார்களே, அந்த நிலையிலும் வாரக்கணக்கில் உயிரை விடாது.

அதன் குடித்தனமே தனி. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். கூடவே ஈரமும் போய்விடும். கற்றாழை வெயிலில் வாயை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கிறது. வாங்கிய கரியமில வாயுவைப் புளிப்பாக மாற்றி மடலில் சேர்த்து வைத்து, பொழுது விடிந்ததும் அதைக் கொண்டு சமைக்கிறது. இத்தனை சிக்கனமான ஜீவனுக்கு நாம் அன்றாடம் படியளக்க வேண்டுமா?

எங்கள் வீட்டில் அது கூடத்து ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், அடியில் துளையுள்ள மண்தொட்டியில் இருக்கிறது. மண்ணில் பாதி மணல். மகன் வெளிநாடு போன பிறகு என் மனைவி கொண்டுவந்து வைத்தது. காலையில் செம்பும் கையுமாக வந்து நிற்பாள். மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்ப்பாள். ஈரம் தட்டினால், "இன்னும் வேண்டாமாம்" என்று திரும்பிவிடுவாள். ஐப்பசி மழை நாட்களில் செம்புக்கு வேலையே கிடையாது.

மகனோடு பேசுவதும் ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான். "அவனுக்கு ஆயிரம் வேலை இருக்குங்க" என்கிறாள். மற்ற ஆறு நாளும் டெலிபோனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வைத்துவிடுகிறாள்.