லிசா கைவிரித்த நாள்

'சிம்சன்ஸ்' தொடர் 1989 முதல் ஓடுகிறது. 1993இல் வந்த ஓர் அத்தியாயத்தில், தொழிலாளர்களின் பல் மருத்துவக் காப்பீட்டை முதலாளி பறிக்கிறார். வேலைநிறுத்தம். ஊருக்கே மின்சாரத்தைத் துண்டிக்கிறார். இருட்டிலும் சிறுமி லிசா கிட்டாரோடு பாடுகிறாள். நம் பயிற்சி முகாம்களில் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறோம்.

2017இல் ஹரி கொண்டபோலு, கடைக்காரர் அபு பாத்திரம் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளைக் கேலிப்பொருளாக்கியதை ஆவணப்படமாக்கினார். அபுவுக்குக் குரல் கொடுத்தவர் வெள்ளையர். 2018இல் தொடர் பதில் சொன்னது, அதே லிசாவின் வாயால்: அன்று ரசித்தது இன்று தவறாம், என்ன செய்வது?

சாதிக் கேலியைத் தட்டிக் கேட்டால் நமக்கும் இதே பதில்தான். அன்றும் எல்லோரும் ரசிக்கவில்லை. வலித்தவர்களிடம் மைக் இல்லை.

சிரிப்பு குறைவதால் மட்டும் எழுத்து சரிவதில்லை. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்றவளையே கைவிரிக்க வைக்கும்போது சரிகிறது.